பின்னோக்கி நடந்த ஆடு

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நீதிமன்றத்துச் சாட்சிக்கு வண்டிக் கூலியும் வெற்றிலை பாக்கும் கிடைக்கும்; எனக்குச் சாட்சி சொல்பவருக்கு அவை இரண்டும் இல்லை. நிபந்தனை மட்டும் ஒன்று உண்டு: என் வழக்கை நான் முடிக்கும்வரை நீங்கள் சிரிக்கக் கூடாது. உத்தமபாளையம் வாசகசாலையில் அன்று கூடியிருந்தவர்கள் அந்த நிபந்தனையைக் காக்கத் தவறினார்கள். ஆகையால் அவர்களுடைய சாட்சியம் செல்லாது என்று தள்ளிவிட்டு உங்களிடம் வந்திருக்கிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். தன்னடக்கம் நல்ல குணந்தான். ஆனால் மேடையில் அதற்கு நாற்காலி போடும் வழக்கம் இல்லை. சின்னமனூருக்கு மேற்கே எங்கள் வயலை ஒட்டிய மதகில் நீர் விழும் இரைச்சலுக்கு எதிரே நின்று, என் சொல் அக்கரையில் களை எடுப்பவர்களுக்குக் கேட்கும்வரை பேசிப் பழகியவன் நான். அவர்கள் கேட்டார்கள் என்பதற்கு ஆதாரம், நான் வருவதைக் கண்டதும் அவர்கள் அடுத்த வயலுக்குப் போய்விடுவார்கள். கம்பம் முதல் தேனி வரையில் விவாதம் எங்கே நடந்தாலும் இருபது வயதிலேயே எனக்கு அழைப்பு வந்தது. வராத இடங்களுக்கு நானே போனேன்.

எனக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. அதை ஊரார் அறியாமல் வைத்திருந்தேன். மேடையில் என் முறை வரும்வரை, எனக்கு முன் பேசுபவர்களை நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்துகொண்டிருப்பேன். பேசுபவர் நிற்கமாட்டார், அசைவார், திரும்புவார், துண்டைச் சரிசெய்வார். ஆகவே எனக்கென்று ஒரு விதி வகுத்துக்கொண்டேன்: அவர் ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் உருவம் முடிந்துவிட வேண்டும். முகத்தை விட்டுவிட்டு முதலில் முதுகுத்தண்டின் கோட்டைப் போட்டுவிட்டால் மற்றவை தாமே வந்து அதில் ஒட்டிக்கொள்ளும் என்பதை நூற்றுக்கணக்கான நோட்டீஸ்களைப் பாழாக்கிய பிறகு கண்டுகொண்டேன். சொல் மறந்தவருக்கு முதலில் வளைவது முழங்கால் என்பதையும் அப்படித்தான் அறிந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் குறிப்பு எடுப்பதாக எண்ணி என்னை மதித்தார்கள். அந்த மதிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி என் எதிரி. போடிக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை, என் வயது, என்னைவிட ஒரு சாண் உயரம். தேவாலயத்துப் பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்ததால், காதோடு பேசுவதுபோல் தொடங்கிக் கூரை அதிர முடிப்பார். கையில் எப்போதும் குறிப்புச் சீட்டுகள் இருக்கும். அவற்றைப் பார்க்காமலே புரட்டுவார். பார்ப்பவர்களுக்கு அவர் சட்டப் புத்தகத்தையே விரல் நுனியில் வைத்திருப்பதுபோல் தோன்றும். அந்தச் சீட்டுகளை நான் வெறுத்தேன்.

அவ்வாண்டு எங்கள் வாசகசாலையிலிருந்து ஒருவரை மதுரையில் நடக்கும் விவாத அரங்குக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். அனுப்பப்பட வேண்டியவர் நான் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் எதிரிக்கும், அவரைப் பொறுத்த அளவில், ஐயமில்லை. எனவே இருவருக்கும் ஒரு விவாதம் வைத்தார்கள். பொருள்: மனிதரை அசைப்பது சொல்லா, சித்திரமா? தீர்ப்பு இரண்டு வகை: எந்தக் கட்சி வென்றது என்பது ஒன்று, எவர் மதுரைக்குப் போவது என்பது மற்றொன்று. வென்ற கட்சிக்காரரே மதுரைக்குப் போவது வழக்கமாதலால், அந்த இரண்டையும் ஒன்றென்றே நான் கருதியிருந்தேன்.

சீட்டுக் குலுக்கினார்கள். சொல் அவருக்கு விழுந்தது. சித்திரம் எனக்கு விழுந்தது.

"என்ன பேச்சாளரே, ஊமைக் கட்சி கெடைச்சிருச்சு போல?" என்றார் அவர்.

"ஊமை பேசினா ஊரு தாங்காதுய்யா" என்றேன். அந்த நொடியில் எனக்கு ஒரு திட்டமும் இல்லை. ஆனால் அப்படிச் சொல்லிவிட்ட பிறகு ஒரு திட்டம் கண்டுபிடிக்கத்தானே வேண்டும்?

திட்டம் தேனியில் கிடைத்தது. அங்கே கூடாரம் அடித்திருந்த டூரிங் டாக்கீஸில் படச்சுருள் அடிக்கடி அறுந்துபோகும். இயந்திரத்தை ஓட்டுபவர் அறுந்த நுனியை வெட்டி ஒட்டிவிட்டு, வெட்டிய துண்டை வெளியே எறிவார். அதில் ஒரு சாண் நீளம் கெஞ்சி வாங்கி வந்து வீட்டுச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு கட்டங்கள், பன்னிரண்டிலும் ஒரு பெண் இடுப்புக் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். முதலில் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்து ஏமாற்றமாக இருந்தது. நெடுநேரம் பார்த்த பிறகுதான், முதற் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் இடையில் குடம் ஒரு நகக்கண் அளவு இறங்கியிருப்பதைக் கண்டேன். சித்திரத்தை அசையவைக்கும் இரகசியம் அவ்வளவுதானா என்று நகைத்தேன். அந்த நகைப்புக்கு இரண்டு மாதம் தண்டனை அனுபவித்தேன்.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் இடத்தில் வெட்டி ஒதுக்கிய அட்டைத் துண்டுகளை வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடது ஓரத்தில் நூலால் தைத்தேன். ஒவ்வொரு தாளிலும் சிறிது சிறிதாக மாற்றி வரைந்து, வலது ஓரத்தைக் கட்டைவிரலால் வளைத்துச் சரசரவென்று விட்டால் உருவம் அசைய வேண்டும். என் முதற் புத்தகத்தில் ஒரு பேச்சாளர் கையை உயர்த்துகிறார். ஆறே தாள்களில் உயர்த்திவிட்டார். அதை என் அக்காளிடம் காட்டினேன்.

"ஏலே, இந்த ஆளுக்கு என்னலே, சாமி வந்திருச்சா? வேப்பிலை எடுத்தாரவா?" என்று அவள் கேட்டாள்.

இரண்டாவது புத்தகத்தில் தாள்களைக் கூட்டினேன். கை மெல்ல உயர்ந்தது; ஆனால் ஒவ்வொரு தாளிலும் பாதங்கள் வெவ்வேறு இடத்தில் விழுந்ததால் ஆளும் மேடையும் பூகம்பத்தில் சிக்கியதுபோல் நடுங்கின. அதற்கு நானே ஒரு மருந்து கண்டேன். தைப்பதற்கு முன்பே அட்டைக் கட்டு முழுவதையும் கோணி ஊசியால் இரண்டு இடத்தில் துளைத்துவிட்டேன். ஒரு துளை குதிகாலுக்கு, மற்றொன்று மேசைக் காலுக்கு. எந்தத் தாளை எடுத்தாலும் பாதம் அந்தத் துளையில்தான் நிற்க வேண்டும். பூகம்பம் நின்றது.

மூன்றாவதில் கை உயர்ந்த வேகத்திலேயே இறங்கியது. ஈ ஓட்டுவதுபோல் இருந்தது. இங்கே என் மேடைப் பயிற்சி கைகொடுத்தது. உயர்த்திய கையை உடனே இறக்குபவன் பேச்சாளன் அல்லன். அவன் அதை உச்சியில் நிறுத்திச் சபையைக் காக்கவைப்பான். ஆகவே உச்சியில் ஏழு தாள்களுக்கு ஒரே படத்தை வரைந்தேன். விரலால் விட்டுப் பார்த்தபோது அந்தக் காகித மனிதர் கையை உயர்த்தி, நிறுத்தி, என்னைப் பார்த்தார். எனக்கே கைதட்டத் தோன்றியது, தட்டினேன்.

இனி வரைய வேண்டியது என் எதிரியை. அவரை நிற்கச் சொல்லி வரைய முடியாது. அதனால் அவர் போடுவதுபோல் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அலமாரிக் கண்ணாடியின் முன் அவராகவே நின்று, பேசி, நின்று, வரைந்தேன். இருபத்திரண்டு தாள் முடிந்த பிறகு அக்காள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளை எடக்கையவா நீட்டிப் பேசும்? சபையில எடக்கைய நீட்டுனா எந்திரிச்சு அடிப்பாகல்ல?"

கண்ணாடி வலத்தை இடமாக்கியிருந்தது. இருபத்திரண்டையும் எறிந்துவிட்டு முதல் தாளிலிருந்து தொடங்கினேன்.

கதை இதுதான்: எதிரி நின்று முழங்குகிறார், ஏதோ ஒரு விலங்கு வருகிறது, அவர் குறிப்புகளைத் தின்கிறது, அவர் வாயடைத்து, வளைந்து, உட்கார்ந்துவிடுகிறார். அந்த விலங்காக முதலில் ஒரு சிங்கத்தை நியமித்தேன். அது நானே என்று சபை குறிப்பால் உணரும் என்பது என் நம்பிக்கை. ஆனால் நான் சிங்கத்தைப் பார்த்ததில்லை. வரைந்த சிங்கங்கள் எல்லாம் மீசை வைத்த நாய்களாக வந்தன. அந்த வேளையில் எங்கள் வீட்டு வெள்ளாடு, விவாதத்துக்கென்று நான் எழுதி வைத்திருந்த பதினொரு வாதங்களில் எட்டைத் தின்றுவிட்டது. கம்பை எடுத்துக்கொண்டு ஓடியவன் பாதி வழியில் நின்றேன். அது மெல்லும்போது தாடை மேலும் கீழுமாகப் போகவில்லை. ஆட்டுக்கல் குழவிபோல் பக்கவாட்டில் சுழன்றது. கம்பைப் போட்டுவிட்டுப் பென்சிலை எடுத்தேன். மூன்று நாள் அந்த ஆட்டின் பின்னாலேயே திரிந்து, நடை, நிற்றல், காது மடிப்பு, தாடைச் சுழற்சி என்று அறுபது படம் வரைந்தேன்.

"ஏலே, அது தின்னது ஒன் பேச்சயில்ல? அவுக பேச்சயா தின்னுச்சு?" என்று அக்காள் நியாயம் கேட்டாள்.

"மேடையில யாரு பேச்சத் தின்னுச்சுங்கிறது வரையிறவன் கையில இருக்கு, அக்கா" என்று விளக்கினேன்.

தொண்ணூற்றாறு தாள்களில் புத்தகம் முடிந்தது. மேலே பெயர் எழுதலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். எண்ணிய மாத்திரத்தில் என் வாதத் திறமை குறுக்கிட்டது: சித்திரத்துக்குச் சொல் வேண்டாம் என்று வாதிடப் போகிறவன் சித்திரத்தின்மேலேயே சொல்லை எழுதலாமா? கூடாது. தலைப்பும் இல்லை, எண்ணும் இல்லை, ஓர் எழுத்தும் இல்லை. முன்னும் பின்னும் ஒரே மாதிரியான வெள்ளை அட்டையை ஒட்டினேன். அந்தத் தூய்மையை நினைத்து அன்று முழுவதும் மகிழ்ந்தேன்.

விவாத நாள் வந்தது. தலைமை வகித்துத் தீர்ப்புச் சொல்ல, மலையில் ஏலக்காய்த் தோட்டமும் உத்தமபாளையத்தில் பெரிய வீடும் உடைய ராவுத்தர் ஒருவர் வந்திருந்தார். தமிழிலும் அரபியிலும் தேர்ந்தவர், கலகலப்பானவர், அவருடைய வீட்டு அலமாரிகளில் இருக்கும் கிதாபுகளை, அதாவது அரபி நூல்களை, பார்க்கவே வெளியூரிலிருந்து ஆள் வரும். இத்தகைய கல்விமான் கையில் என் புத்தகம் போவது எனக்குப் பெருமையாக இருந்தது.

எதிரி முதலில் பேசினார். நன்றாகவே பேசினார், அது அவர் குற்றம். பிறகு நான் எழுந்தேன்.

"சபையோரே! சொல் பெரிது என்று நிறுவ என் எதிரியாருக்கு முக்கால் மணி நேரச் சொற்கள் தேவைப்பட்டன. சித்திரம் பெரிது என்று நிறுவ எனக்கு ஒரு சொல்லும் வேண்டாம். இதோ, இந்தப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் இல்லை. தலைவர் அவர்கள் இதைப் பார்த்து முடிக்கும்வரை என் வாயிலிருந்தும் ஓர் எழுத்து வராது. வந்தால் என் கட்சி தோற்றது என்று எழுதிக்கொள்ளுங்கள்!"

கைதட்டல் கூரையில் மோதியது. புத்தகத்தை ராவுத்தரின் கையில் கொடுத்து, கட்டைவிரலால் தாள்களை விடும் விதத்தைச் சைகையாலேயே காட்டிவிட்டு, கைகட்டி நின்றேன்.

வாசகரே, இங்கே நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். ராவுத்தர் சிறு வயது முதல் புரட்டியவை வலப்பக்கத்திலிருந்து திறக்கும் கிதாபுகள். அட்டையில் தமிழில் ஓர் எழுத்து இருந்திருந்தால் அவர் திருப்பிப் பிடித்திருப்பார். ஓர் எழுத்தும் இல்லாத வெள்ளை அட்டையை, தம் கைக்குப் பழகிய விதத்தில், பின்னட்டையை முன்னட்டையாகப் பிடித்து, இடது கட்டைவிரலால் கடைசித் தாளிலிருந்து விடத் தொடங்கினார். பிழை அவருடையது அன்று. எழுத்தை ஒழித்தவன் நான்.

என் தொண்டைவரை சொல் வந்துவிட்டது. "ஐயா, திருப்பிப் பிடியுங்கள்." மூன்றே சொற்கள். அவற்றைச் சொன்னால் சித்திரத்துக்குச் சொல் தேவை என்றாகிவிடும், கட்சி தோற்கும், மதுரை போய்விடும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணி முடிப்பதற்குள் அவர் உரக்கச் சிரித்தார்.

"ராவுத்தரையா, எங்களுக்கும் சொல்லுங்க, என்ன தெரியுது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சொல்றேன், சொல்றேன். இங்கன ஒரு தம்பி சோந்துபோயி உக்காந்திருக்காக. அட, நம்ம போடித் தம்பி! துண்டு போட்டிருக்க விதத்தப் பாத்தாலே தெரியுது. பக்கத்துல ஒரு வெள்ளாடு நிக்கிது. அதப் பாத்ததும் தம்பி எந்திரிக்கிறாக. வாயி அசையுது... ஏயப்பா! வாயிலேருந்து ஒரு சீட்ட எடுத்து நீட்டுது. தம்பி வாங்கிக்கிட்டாக. இன்னொன்னு. இன்னொன்னு. காணாமப் போன குறிப்பத் தேடிக் கொண்டாந்து குடுக்குதுய்யா ஆடு! தம்பி நிமிந்துட்டாக. கைய ஒசத்திட்டாக... அடடா, ஒசத்துன கை அப்பிடியே நிக்கிது பாருங்க! முழங்குறாகல்ல!"

சபை எழுந்து நின்று பார்க்க முண்டியது. நான் கைகட்டி நின்றேன். ஒரு நம்பிக்கை மிஞ்சியிருந்தது: இன்னும் ஆடு போக வேண்டியிருக்கிறது. நான் அதைத் தலை முன்னாக வரும்படி வரைந்திருந்தேன். இப்போது அது வால் முன்னாகப் போகும். ஏலக்காய் மலை ஏறும் எத்தனையோ கால்நடைகளைப் பார்த்திருக்கும் ராவுத்தருக்கு, பின்னோக்கி நடக்கும் ஆடு ஐயம் எழுப்பாமல் இருக்குமா?

எழுப்பவில்லை. அவர் கண் கலங்கிற்று.

"பெரியவுக சபைக்கு முதுகு காட்டக் கூடாதுன்னு அது பின்னாலயே நடந்து போகுதுய்யா! என்னா மருவாதி! ஆட்டுக்கு இருக்க மருவாதி இன்னைக்கு ஆளுகளுக்கு இல்ல" என்றார். பிறகு என்னை நோக்கி, "தம்பி, இந்த ஆடு யாரு?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்க முடியாது. புத்தகம் இன்னும் அவர் கையில் இருந்தது. அப்போது தலைவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் எதிரி, மிகுந்த பணிவோடு சொன்னார்:

"அது அவுகதான்யா. அடக்கம் பாருங்க, தன்னையே ஆடா வரைஞ்சிருக்காக."

நிபந்தனை நினைவிருக்கட்டும், வாசகரே. சபை சிரித்ததுபோல் நீங்கள் சிரிக்கக் கூடாது. ஆமென்றும் இல்லையென்றும் சொல்ல வழியின்றி நான் இரு கைகளையும் கூப்பினேன். அதை அவர்கள் ஆமென்றே எடுத்துக்கொண்டார்கள்.

ராவுத்தர் தீர்ப்புச் சொல்ல எழுந்தார்.

"மனுசர அசைக்கிறது எதுன்னு கேட்டீக. நான் இங்கன வரும்போது மதுரைக்கு யார அனுப்புறதுன்னு முடிவு பண்ணாமத்தேன் வந்தேன். முக்கால் மணி நேரப் பேச்சக் கேட்டேன். அப்பவும் முடிவு வரல. இந்தச் சித்திரத்தப் பாத்தேன், வந்துருச்சு. அப்ப அசைச்சது எது? சித்திரந்தேன். சித்திரக் கட்சி ஜெயிச்சிருச்சு!"

என் கட்சிக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். நானும் தலை நிமிர்ந்தேன்.

"மதுரைக்குப் போடித் தம்பி போவாக. எதிரியா நின்ன பிள்ளையே அவுக எந்திரிச்சுப் பேசணும்னு இம்புட்டுப் பாசமாப் படம் போட்டிருக்கு. அதோட ஆசைய நாம தட்டலாமா?"

இவ்வாறு என் வாழ்நாளில் நான் மிகத் தெளிவாக வென்ற விவாதத்தில் மதுரையை இழந்தேன். மாலை எனக்கும் போட்டார்கள். "பெருந்தன்மை" என்ற சொல் அன்று மாலைக்குள் பதினான்கு முறை என் காதில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். உண்மை என்னவென்றால், நான் அவரை உட்காரவைக்க இரண்டு மாதம் உழைத்தேன் என்பது. அதைச் சொல்லிப் பெருந்தன்மையையும் இழப்பதா? மதுரை போனதே போதாதா? வாயை மூடிக்கொண்டேன். மேடைப் பயிற்சியில் எனக்கு ஒருவரும் கற்றுத்தராத கலை அது. அன்றைக்கு நன்றாகவே செய்தேன்.

அவர் மதுரைக்குப் புறப்பட்ட காலையில் தேனி ரயிலடிக்குப் போனேன். பெருந்தன்மை உள்ளவன் என்று பெயர் வாங்கிவிட்டால் இப்படிப்பட்ட செலவுகள் வரும். அவர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் என் புத்தகம். ராவுத்தர் அதை அவருக்கே நினைவுப் பொருளாகக் கொடுத்துவிட்டிருந்தார்.

"ஏய்யா, எந்த ஊர்லய்யா ஆடு பின்னால நடக்கும்?" என்றார் அவர், புத்தகத்தை வெளியே எடுத்து. "அங்கன மேடையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போயி முன்னால இருந்து விட்டுப் பாத்தேன். நான் வளைஞ்சு உக்கார்ற எடம் ரொம்ப நல்லா வந்திருக்கு."

"முழங்கால் மொதல்ல வளையணும்" என்றேன். "அதுக்கு மட்டும் பதினாலு தாளு."

"அதான் பயமா இருக்கு." அவர் சிரிக்கவில்லை. "மதுரையில குறிப்பு தவறிப் போச்சுன்னா நான் அப்பிடித்தேன்யா உக்காருவேன். எனக்கே தெரியாதத நீரு எப்பிடிப் பாத்தீரு?"

ஒவ்வொரு கூட்டத்திலும், அவருடைய ஒவ்வொரு மூச்சுக்கும், நோட்டீஸின் பின்பக்கத்தில் அவரை வரைந்திருக்கிறேன். அவரை அவ்வளவு நேரம் பார்த்தவன் அவருடைய தாயைத் தவிர நான் ஒருவன்தான். அதை ரயிலடியில் வைத்துச் சொல்வது எப்படி?

"குறிப்ப இங்கனயே குடுத்துட்டுப் போம்" என்றேன். "அது இல்லாமத்தேன் நீரு நல்லாப் பேசுவீரு. சீட்டப் பாக்காமயே பொரட்டுறீரு. அப்புறம் எதுக்கு அது?"

அவர் சீட்டுக் கட்டைச் சன்னல் வழியே என்னிடம் நீட்டினார். "ஆட்டுக்குப் போட்டுராதேயும்" என்றார்.

வண்டி ஊதியது. நகரத் தொடங்கியது. "நான் ஜெயிச்சு வந்தா என்ன செய்வீரு?" என்று சன்னலிலிருந்து கத்தினார். ரயிலடியில் கூடை தூக்கியவர்களும் வண்டிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான்; ஒரு சபை. மதகு இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரலில், வண்டியின் சத்தத்துக்கு மேலே, எல்லாருக்கும் கேட்கும்படி வாக்குக் கொடுத்தேன்:

"நீரு ஜெயிச்சு வந்தா, அந்தப் புத்தகத்துக்கு எது முன்பக்கம்ங்கிறத அதே மேடையில ஏறி, ராவுத்தரையா முன்னால, என் வாயாலயே சொல்றேன்! தோத்து வந்தீருன்னா, எந்தப் பக்கமிருந்து விட்டாலும் நீரு உக்கார்ற மாதிரி இன்னொன்னு போட்டுத் தாரேன்!"